மோனிக்கம்மாள் திருநாளும் என் மருமகளும்

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கோயில் காலண்டர் தொங்கும். பால் கணக்கு, காஸ் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாவற்றையும் அதில்தான் பென்சிலால் குறித்து வைப்பேன். அந்தக் கிறுக்கல்களுக்கு அடியில் தேதிகளை ஒட்டிப் புனிதர்களின் பெயர்கள் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்த சகோதரிகளுக்கு இது தெரிந்த விஷயம். மற்ற சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். மார்ச் 19 என்றால் எங்களுக்கு சூசையப்பர் திருநாள். ஜூன் 13 அந்தோனியார். டிசம்பர் 3 சவேரியார். பிள்ளைக்குப் பெயர் வைப்பதுகூட பல வீடுகளில் இந்தக் காலண்டரைப் பார்த்துத்தான்.

இந்தத் தேதிகள் பெரும்பாலும் அந்தந்தப் புனிதர் இறந்த நாட்கள். இறந்த நாளைப் போய் யாராவது திருநாளாகக் கொண்டாடுவார்களா என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார்கள். மோட்சத்தில் அவர்கள் பிறந்த நாள் அதுதான் என்பது எங்கள் கணக்கு. பூமியில் பிறந்த நாளையே கொண்டாடுவது இயேசுவுக்கும், மாதாவுக்கும், ஸ்நாபக அருளப்பருக்கும்தான்.

நாற்பத்தேழு வயதில், பத்தாவது வரை மட்டுமே படித்த நான், இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காலண்டரில் ஆகஸ்ட் 27 என்ற கட்டத்தில் உள்ள ஒரு தாயின் பெயர், என் வீட்டுக் கதவைத் திறக்க வைத்தது. கதவை அடைத்தவள் நான்தான் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2024 ஜனவரியில் என் மூத்த மகன் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவனோடு வேலை பார்க்கும் பெண். வேறு மதம். எங்களுக்குத் தெரியாமல் செய்தான் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் போனில் கெஞ்சினான். ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோயிலிலேயே தாலி கட்டலாம் என்று எங்கள் பங்குச் சாமியார்கூடச் சொன்னார். பெண் வீட்டார் அதற்கும் சம்மதிக்கவில்லை, கல்யாணத்துக்கே சம்மதிக்கவில்லை. நானும் "கோயில்ல நடக்காத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் பெரியவர்கள் யாரும் இல்லாமல் சிநேகிதர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட, அது நடந்து முடிந்தது.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. மத்தியானம் அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அந்தப் பெண் கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. நெஞ்சில் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"நீ மட்டும் உள்ள வாய்யா, சாப்பிடு. அந்தப் பொண்ணு வேணா வெளிய இருக்கட்டும்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப நானும் வெளியவே இருந்துக்கிறேம்மா" என்றான். சத்தம் போடவில்லை. அவள் ஸ்வீட் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு அவன் பின்னாலேயே போய்விட்டாள். நான் பெட்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எறும்பு வரிசை கட்டிய பிறகு, என் வீட்டுக்காரர்தான் எடுத்துப் போய்க் கொட்டினார்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தலை சுற்றுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரஷர் 160க்கு 100. மாத்திரை ஆரம்பித்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். தூத்துக்குடிக்காரிக்கு, அதிலும் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் மனைவிக்கு, உப்பைக் குறைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்! "மனசுல என்னம்மா கவலை?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

எங்கள் ஊரில் பனிமய மாதா திருநாள் என்றால் வெளியூரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடும். ஜூலை 26ஆம் தேதி கொடியேற்றம். அன்றைக்குத்தான் மாதாவின் தாய் தகப்பனான அன்னம்மாள், சுவக்கின் இருவருக்கும் திருநாள். ஆகஸ்ட் 5ஆம் தேதி பெருவிழா. அந்தப் பத்து நாளும் தெருவெல்லாம் ஜனம், பலகாரம், மக்ரூன் பாக்கெட்டுகள். 2024ஆம் வருஷத் திருநாளுக்கு என் மகன் வரவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் செருப்புக் குவிந்து கிடந்தது. எங்கள் வீட்டு வாசலில் எங்கள் இருவருடையதும், கல்லூரியில் படிக்கும் இளையவனுடையதும் மட்டும்.

அந்த மாதம் 27ஆம் தேதி, செவ்வாய்க்கிழமைப் பூசை. பிரசங்கத்தில் மோனிக்கம்மாள் கதை சொன்னார்கள். கெட்டு அலைந்த மகன் அகுஸ்தினாருக்காகப் பதினேழு வருஷம் கண்ணீர் விட்டு ஜெபம் செய்த தாய். அந்தக் கண்ணீரால் மகன் மனம் திரும்பி ஞானஸ்நானம் பெற்று, பெரிய ஆயராகவும் புனிதராகவும் ஆனார். தாயின் திருநாள் 27, மகனின் திருநாள் மறுநாள் 28. சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். பூசை முடிந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் அழுது ஜெபம் பண்ணு, உன் மகனும் அவளை விட்டுட்டு வந்துருவான்" என்றார்கள். அப்போது அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

கன்னியர் மடத்தில் தையல் வகுப்புக்கு நான் போய் உதவுவது உண்டு. அங்குள்ள ஒரு வயதான சிஸ்டரிடம் அழுதேன். அவர்கள் ஜெபப் புத்தகம் எதுவும் தரவில்லை. அகுஸ்தினார் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துக் கொடுத்தார்கள். "பிரசங்கத்துல கேட்டது போதாது. அந்தம்மாவோட கதையை அவங்க மகனே எழுதியிருக்கார். மெதுவாப் படி" என்றார்கள்.

தினமும் மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு நாலைந்து பக்கம் படித்தேன். பாதி தத்துவம், எனக்குப் புரியாது. தாயைப் பற்றி வரும் இடங்களில் மட்டும் நின்று நின்று படிப்பேன். அங்கே நான் கண்ட மோனிக்கம்மாள், பீடத்தில் கைகூப்பி நிற்கும் சுரூபம் போல இல்லை. நம்மைப் போல் ஒரு வீட்டுக்காரியாக இருந்தார்கள்.

பிறந்தது வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூர். இப்போது அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்று அதற்குப் பெயர். கி.பி. 332 வாக்கில் பிறந்தவர்கள். சின்னப் பெண்ணாக இருக்கும்போது, பீப்பாயிலிருந்து திராட்சை ரசம் எடுத்து வரச் சொன்னால், முதலில் ஒரு வாய் தான் குடித்துப் பார்ப்பார்களாம். அது நாளாவட்டத்தில் கிண்ணம் கிண்ணமாக வளர்ந்துவிட்டது. ஒருநாள் வேலைக்காரப் பெண் சண்டையில் 'குடிகாரி' என்று சொல்லிவிட, அந்த ரோஷத்தில் அன்றே நிறுத்தினார்களாம். புனிதர்களுக்கும் இப்படி ஒரு பழக்கம் இருந்ததா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

கணவர் பத்ரீசியுஸ் முன்கோபி. மனைவிக்கு உண்மையாகவும் இருந்ததில்லை. ஊரில் மற்றப் பெண்கள் கணவன் அடித்த தழும்போடு வந்து அழும்போது, வாயை அடக்கிக்கொள்ளும்படி மோனிக்கம்மாள் புத்தி சொல்வார்களாம். இந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, சகோதரிகளே. 1,600 வருஷத்துக்கு முந்தைய காலம் அது. இன்றைக்கு அடி வாங்கும் பெண்ணிடம் பொறுமையாக இரு என்று நான் சொல்ல மாட்டேன். புனிதர் என்பதற்காக அவர் செய்தது சொன்னது எல்லாம் நமக்குச் சட்டம் என்று ஆகிவிடாது என்பதையும் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அகுஸ்தினார் பிறந்தது 354 நவம்பர் 13. நல்ல மூளை. பதினேழு வயதில் கார்த்தேஜ் பட்டணத்துக்குப் படிக்கப் போனார். அங்கே ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். அதேயோத்தாத்துஸ் என்று ஒரு மகனும் பிறந்தான். மானிக்கேயர் என்ற வேறு ஒரு மதப் பிரிவிலும் சேர்ந்துவிட்டார். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது தாய் என்ன செய்தார்கள் தெரியுமா? என் வீட்டில் இருக்கவும் கூடாது, என்னோடு ஒரே மேசையில் சாப்பிடவும் கூடாது என்று மகனை விலக்கி வைத்தார்கள்.

இந்த வரிக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஈஸ்டர் மத்தியானம், வாசல், கொதிக்கும் கறி எல்லாம் கண்முன் வந்தன. பிரசங்கத்தில் யாரும் இதைச் சொன்னதே இல்லையே! மறுநாள்தான் மேற்கொண்டு படிக்கத் துணிந்தேன்.

அந்தத் தாய் ஒரு கனவு கண்டார்கள். ஒரு மரப் பலகையின் மேல் அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஒளி வீசும் ஒரு வாலிபர் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார். மகன் கெட்டுப்போனான் என்கிறார்கள். நன்றாகப் பார், நீ நிற்கிற இடத்தில்தான் அவனும் நிற்கிறான் என்கிறார் அவர். திரும்பினால் மகன் பக்கத்திலேயே நிற்கிறான். விழித்ததும் என்ன செய்தார்கள்? மகனை மறுபடி வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள், மேசையில் சோறு போட்டார்கள். அப்போது அவர் மனம் மாறவில்லை, மதம் மாறவில்லை, அந்தப் பெண்ணை விட்டும் வரவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாய் முதலில் தட்டை வைத்தார்கள். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

அதன் பின்னும் மகன் சும்மா இருக்கவில்லை. 383இல் ரோமாபுரிக்குக் கப்பல் ஏறும்போது, தாயை ஏமாற்றி, பக்கத்தில் சிப்ரியான் கோயிலில் இரவு தங்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை. கரையில் நின்று கதறிய அந்தத் தாய், இரண்டு வருஷத்தில் தாமே கப்பல் ஏறி, கடல் கொந்தளிப்பில் மாலுமிகளுக்கே தைரியம் சொல்லி, இத்தாலியில் மிலான் நகரம் வரை மகனைத் தேடிப் போனார்கள். கண்ணீர் விட்டு மூலையில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் உறைத்த இடம்.

அகுஸ்தினாரோடு ஏறக்குறைய பதினைந்து வருஷம் வாழ்ந்து, பிள்ளையும் பெற்றுக் கொடுத்த அந்தப் பெண் மிலானுக்கும் கூடவே வந்திருந்தாள். அவள் அந்தஸ்தில் குறைந்தவள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பார்த்து முடிக்கத் தாய்தான் பெருமுயற்சி எடுத்தார்கள். அதற்கு இடைஞ்சல் என்று அந்தப் பெண்ணைப் பிரித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வேறு ஆணை அறிய மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, பெற்ற மகனையும் விட்டுவிட்டு அவள் போனாள். தன் நெஞ்சு கிழிந்து ரத்தம் வடிந்த மாதிரி இருந்தது என்ற பொருளில் அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார். கடைசியில் பேசி வைத்த அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை. அவர் துறவு வாழ்வைத் தேர்ந்துகொண்டார்.

அந்தப் பெண்ணின் பெயரைப் புத்தகத்தில் தேடினேன். முன்னும் பின்னும் புரட்டினேன். கிடைக்கவில்லை. சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். "அவர் எங்கேயும் எழுதி வைக்கலை. யாருக்கும் தெரியாது" என்றார்கள்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஜனவரியிலிருந்து அந்த அக்டோபர் வரை நான் என் மருமகளை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது கிடையாது. 'அந்தப் பொண்ணு', 'அவ', 'அது'. பெயர் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே மகன் சொல்லியிருந்தான். என் வாய்தான் அதைச் சொல்ல மறுத்தது. மோனிக்கம்மாளைப் போல நானும் அழுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அந்தப் புனிதரின் வாழ்க்கையில் சரியில்லாத பகுதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்!

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். என் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனோம். மோனிக்கம்மாளும் ஆப்பிரிக்க வழக்கப்படி மிலானில் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கஞ்சியும் ரொட்டியும் திராட்சை ரசமும் கூடையில் எடுத்துப் போனார்களாம். அங்கே ஆயர் அம்புரோசியார் அதைத் தடை செய்திருக்கிறார் என்று வாசல் காவலர் சொன்னதும், மறுபேச்சுப் பேசாமல் நிறுத்திக்கொண்டார்கள். அதன்பின் அந்தச் சாப்பாடு ஏழைகளுக்குப் போயிற்று. இத்தனை வயதுக்குப் பிறகு, பிறந்த ஊர் வழக்கத்தை விட்டுக்கொடுப்பது லேசான காரியமா? இதை நான் கல்லறைத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் திடீரென்று வாயைத் திறந்தார்.

"நான் உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். தம்பிகூட மாசாமாசம் பேசிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பிள்ளைக்கு ஆறு மாசம். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம். அவங்க அம்மா வீட்டுலயும் யாரும் எட்டிப் பாக்கலை."

மறுநாள் ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். ரிசர்வேஷன் கிடைக்காமல் பொதுப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டே போனேன். பையில் முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு மாவு, கருப்பட்டி. ராத்திரி முழுக்க அவள் பெயரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஜெபமாலை சொல்கிற மாதிரி.

கதவைத் திறந்தது அவள்தான். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டி, காலெல்லாம் வீங்கி நின்றாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள். "கனத்தைத் தூக்காதே" என்று தடுத்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது.

இளம் தாய்மார்கள் படிக்கும் பத்திரிகை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஹீமோகுளோபின் 8.2தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறாள், ஆனால் காலையில் காபியோடு விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறாள். காபியும் டீயும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது. டாக்டரம்மா இதை விளக்கியதும், காபியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி வைத்தோம். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தேன். அவள் சைவம். ஆட்டு ஈரல், மீன் என்ற என் கைவைத்தியம் எதுவும் செல்லாது. கீரை, கேழ்வரகு அடை, பயறு, பேரீச்சம்பழம், கூடவே ஒரு நெல்லிக்காய். டாக்டரம்மா இரும்புச் சத்து மருந்தை ஊசி மூலமாகவும் ஏற்றினார்கள். பிரசவ நேரத்துக்கு 10.6 வந்தது. சாப்பாட்டோடு டாக்டர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவள் வீட்டு அடுக்களை மூலையில் ஒரு முருகர் படம், ஒரு விளக்கு. முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்ற வந்தவள் என்னைப் பார்த்துத் தயங்கி நின்றாள். அப்போதும் மோனிக்கம்மாள்தான் கைகொடுத்தார்கள். ரோமாபுரியில் சனிக்கிழமை ஒருசந்தி இருப்பார்கள், மிலானில் அப்படி இல்லை. எதைப் பின்பற்றுவது என்று அந்த அம்மாவுக்குக் குழப்பம். மகன் மூலம் அம்புரோசியாரிடம் கேட்டார்கள். நான் ரோமையில் இருந்தால் ஒருசந்தி இருப்பேன், இங்கே இருந்தால் இருப்பதில்லை, போகிற ஊர் வழக்கப்படி நடந்துகொள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். இது அவளுடைய வீடு. "ஏத்தும்மா" என்றேன். அவள் விளக்கேற்றினாள். நான் ஹாலில் ஜெபமாலை சொன்னேன். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

2025 பிப்ரவரியில் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. குழந்தை பிறந்த நாலாம் நாள் அவளுடைய அம்மாவும் வந்துவிட்டார்கள். வாசலில் தயங்கி நின்ற அவர்களை உள்ளே கூப்பிட்டவள் நான்தான். எனக்குத் தெரியும், அப்படி வாசலில் வந்து நிற்க எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று.

"பிள்ளைக்கு எப்ப ஞானஸ்நானம்?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அது தாய் தகப்பன் இருவரும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். மோனிக்கம்மாளே மகனுக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் பலர் தள்ளிப்போடுவது வழக்கம். அவர் அதைப் பெற்றது முப்பத்திரண்டு வயதில், 387ஆம் வருஷம் ஈஸ்டருக்கு, மிலானில், அம்புரோசியார் கையால். பெயர் இல்லாத அந்தப் பெண்ணின் மகன் அதேயோத்தாத்துஸும் அன்றே தகப்பனோடு பெற்றான்.

அதே வருஷம், ஊர் திரும்ப ஓஸ்தியா துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது, காய்ச்சலில் ஒன்பதாம் நாள் மோனிக்கம்மாள் இறந்தார்கள். வயது ஐம்பத்தாறு. கணவர் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று ஊரில் இடமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தவர்கள், கடைசியில் என்னை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் நினைத்துக்கொண்டால் போதும் என்ற பொருளில் சொல்லிவிட்டார்கள். 1430இல் அவர்களுடைய எலும்புகளை ரோமைக்குக் கொண்டு போனார்கள். இன்றும் அகுஸ்தினார் பெயரால் உள்ள கோயிலில் இருக்கின்றன. 1945இல் ஓஸ்தியாவில் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்களுக்கு, அந்த அம்மாளின் கல்லறைக் கல்லின் துண்டு ஒன்று கிடைத்ததாம்.

என் பாட்டியின் பழைய ஜெபப் புத்தகத்தில் 'அர்ச். மோனிக்கம்மாள், மே 4' என்றுதான் போட்டிருக்கிறது. 1969இல் திருச்சபை காலண்டரைத் திருத்தியபோது ஆகஸ்ட் 27க்கு மாற்றினார்கள். அகுஸ்தினார் 430 ஆகஸ்ட் 28ஆம் தேதி இறந்தவர். தாயை மகனுக்கு முந்தின நாளில் கொண்டு வந்து சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் காலண்டரில் கட்டம் இல்லை. ஆகஸ்ட் 27ஆம் தேதி வரும்போது, மோனிக்கம்மாளோடு அவளையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருநாளுக்கு எல்லாரும் வந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. நாங்கள் மீன் குழம்பு சாப்பிட்டோம், மருமகளுக்கு முருங்கைக்காய் சாம்பார். என் பிரஷரும் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை விடவில்லை.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே. கண்ணீரும் வரும், அது நம் கையில் இல்லை. ஆனால் வாசலில் யாரையாவது நிறுத்தி வைத்துவிட்டு நாம் உள்ளே முழங்காலில் இருந்தால், முதலில் எழுந்து போய்க் கதவைத் திறப்போம். ஒரு தட்டை எடுத்து வைப்போம். பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

இந்தக் கட்டுரையில் மருமகளின் பெயரைப் போட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். போனில் கேட்டேன். "ஐயோ, வேண்டாம் அத்தை, ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க" என்று சிரித்தாள். அதனால் இங்கேயும் அவளுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. பரவாயில்லை. என் அடுக்களைக் காலண்டரில், அவள் பிறந்த தேதிக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பென்சிலால் இல்லை, பேனாவால்.